பேரேட்டில் ஏறாத வரவு

சிட்லிங்கி டாக்டர் லலிதா அம்மா, டாக்டர் ரெஜி ஐயா இருவருக்கும், மருத்துவமனையிலும் சங்கங்களிலும் உங்களோடு வேலை பார்க்கும் பள்ளத்தாக்கு மக்களுக்கும், அரூரிலிருந்து வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியாது. அரூரில் மண்டிகளுக்கும் நாலைந்து கடைகளுக்கும் கணக்கு எழுதுகிறவன் நான். சித்தேரி, கல்வராயன் மலைப் பக்கமிருந்து இறங்குகிற மஞ்சள், புளி, சாமை, ராகியெல்லாம் என் சிட்டையில் ஏறிய பிறகுதான் சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் லாரி ஏறும். உங்களைப் பாராட்டி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். தியாகம் என்பார்கள், தெய்வம் என்பார்கள். அந்தப் பேச்சு எனக்கு வராது. தெய்வம் என்று கும்பிட்டுவிட்டால் மருந்துக்கு எவ்வளவு ஆகிறது, நர்ஸுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று அப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள். நான் நன்றி சொல்ல வந்தது காசு சம்பந்தமான ஒரு காரியத்துக்கு. மலையில் புரள வேண்டிய பணத்தை மலையிலேயே புரள வைத்தீர்கள். முப்பது வருஷத்துக்கு மேலாக நீங்கள் செய்கிற வேலையில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். எங்கள் தருமபுரி ஜில்லாக்காரர்கள் காதிலும் விழட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

பழைய செலவிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீங்கள் வருவதற்கு முன்னால் சிட்லிங்கியில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டு, குழந்தை குறுக்கே நின்றுவிட்டால் என்னென்ன செலவு? மருத்துவமனை என்றால் கோட்டப்பட்டி வழியாக அரூருக்கு வர வேண்டும், ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. ராத்திரி என்றால் வண்டிக்காரர் கேட்டதுதான் வாடகை. கூடத் துணைக்கு வருகிறவர்கள் இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்கள் சாப்பாடு, அவர்கள் விட்டுவிட்டு வந்த கூலி. அரூரில் கைவிரித்துவிட்டால் தருமபுரி, இல்லாவிட்டால் சேலம். அங்கே கத்தி வைக்க வேண்டுமென்றால் ரத்தம், மருந்து, படுக்கை, திரும்பி வர மறுபடியும் வண்டி. இதில் எந்தச் செலவினத்துக்கும் வீட்டில் ரொக்கம் இருக்காது. இருப்பது ஆடு, மாடு, கொலுசு, அப்புறம் வயலில் நிற்கிற மஞ்சள்.

ஆட்டை விற்றால் அன்றோடு போயிற்று. மஞ்சளின் பேரில் முன்பணம் வாங்கினால் கதை வேறு. மஞ்சள் ஒன்பது மாதப் பயிர். பயிர் நிற்கும்போதே பணம் கொடுத்தவர்தான் அறுவடையன்று விலை சொல்வார். இல்லையென்றால் அஞ்சு வட்டி. நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் என்று சொல்லும்போது சின்னதாகத்தான் தெரியும், வருஷத்துக்கு அது அறுபது. ஐயாயிரம் வாங்கினவர் ஒரு வருஷத்தில் மூவாயிரம் வட்டியாகவே கட்டி, ஐயாயிரம் அசலையும் அப்படியே வைத்திருப்பார். மூன்று நாள் நோவு மூன்று வருஷக் கடனாகிவிடும். நோயாளி பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் கடன் பிழைத்துக்கொள்ளும்.

இதில் பட்டவர்த்தனமாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. மலைக்காரர் செலவழித்த அந்தப் பணம் எங்கள் மாதிரி ஊர்களுக்குத்தான் வந்தது. வண்டிக்காரர், ஓட்டல்காரர், அடகுக்கடைக்காரர், மருந்துக்கடைக்காரர், பரிசோதனைக் கூடம், அவர்களுக்கெல்லாம் கணக்கு எழுதுகிறவன் என்று ஒரு வரிசையே அந்த வரவில் வாழ்ந்தது. மலையில் காய்ச்சல் வந்தால் கீழே கல்லா நிறையும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததில்லை. பணம் போகிற பாதை அப்படி அமைந்திருந்தது.

1993-ல் நீங்கள் வந்தீர்கள். ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படித்து, காந்திகிராமம் மருத்துவமனையில் வேலை பார்த்து, எங்கே போகலாம் என்று நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த இரண்டு பேர், ஒருவர் மயக்க மருந்து, இன்னொருவர் மகப்பேறு. நிலம் வாங்கக் காசில்லை. மலையாளிப் பழங்குடி மக்கள் சேர்ந்து ஒரு மண் குடிசை கட்டிக் கொடுத்தார்கள், அதிலேயே வைத்தியம், அதிலேயே அறுவை. அன்றைக்குப் பிறந்த குழந்தைகளில் ஆயிரத்துக்கு 147 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை என்று அக்காலத்துக் கணக்கு சொல்கிறது. பின்னால் அது இருபதை ஒட்டி இறங்கியது. இந்தக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள், சொல்லவும் வேண்டும். எனக்குப் பிடித்த கதை அதற்கு அடுத்தது.

வெளியூரிலிருந்து நர்ஸ் வர மாட்டார்கள் என்றானதும் எட்டாவது, பத்தாவது படித்த மலைப்பெண்களைக் கூப்பிட்டு நீங்களே பயிற்சி கொடுத்தீர்கள். பிரசவம் பார்க்க, அறுவை அரங்கில் துணை நிற்க, ரத்தம் சோதிக்க, ஊர் ஊராகப் போய்க் குழந்தையை எடை போட. ஆள் கிடைக்காததால் எடுத்த முடிவு அது. ஆனால் அதனால் அந்தப் பள்ளத்தாக்கில் என்ன நடந்தது தெரியுமா? மாசச் சம்பளம் என்ற ஒன்று வந்தது.

அதன் அருமை கணக்கு எழுதுகிறவனுக்குத்தான் தெரியும். மானாவாரி மலையில் பணம் வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் முகம் காட்டும். மற்ற மாதங்களெல்லாம் பற்று. ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணுக்கு முதல் தேதி சம்பளம் என்றால், தொகை சின்னதாக இருந்தாலும், மளிகைக் கடைக்காரர் அந்த வீட்டுக்கு வட்டியில்லாமல் ஒரு மாதம் நோட்டில் எழுதுவார். விதைக்காலத்தில் அந்த வீடு அஞ்சு வட்டிக்குப் போகாது. மஞ்சளை அவசரத்துக்கு விற்காது, விலை வரும்வரை வேகவைத்துக் காயவைத்து மூட்டை கட்டி வைத்திருக்கும். இத்தனையும் ஒரு சம்பளம் செய்யும் வேலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலையூர்களில் அரசுச் சம்பளமும் உண்டு. ஆனால் பல ஊர்களில் அதை வாங்குகிறவர் காலையில் பஸ்ஸில் வருவார், சாயங்காலம் பஸ்ஸில் போவார். அவரோடு சம்பளமும் பஸ் ஏறிவிடும். வாடகை, பால், பள்ளிக் கட்டணம், துணி எல்லாம் கீழே. உங்கள் நர்ஸ் அம்மா சிட்லிங்கியிலேயே குடியிருக்கிறவர். அவர் காசு அங்கேயே தையற்காரரிடமும் டீக்கடையிலும் கோழி விற்கிறவரிடமும் போய், இரண்டு மூன்று கை மாறிய பிறகுதான் அரூருக்கு இறங்குகிறது. ஒரே ரூபாய், நடுவில் அத்தனை வேலை பார்த்துவிட்டு வருகிறது.

நான் படித்தது பி.காம். தேசிய வருமானம் கணக்கிடுகிற பாடம் ஒன்று அதில் உண்டு. அந்தக் கணக்கில் உங்களைப் போன்ற நிறுவனங்களுக்குத் தனி இனமே வைத்திருக்கிறார்கள், குடும்பங்களுக்குச் சேவை செய்யும் லாப நோக்கற்ற நிறுவனங்கள் என்று. சும்மாவோ சொற்ப விலைக்கோ கொடுக்கிற சேவைக்கு விற்பனை மதிப்பு கிடையாது. அதனால் என்ன செய்வார்கள் என்றால், அந்தச் சேவைக்கு ஆன செலவையே அதன் மதிப்பாக எழுதிவிடுவார்கள். யோசித்துப் பாருங்கள், எவ்வளவு விநோதம்! ஒரு பிரசவத்தை நீங்கள் சிக்கனமாகப் பார்த்தால் நாட்டின் வருமானத்தில் உங்கள் பங்கு குறைகிறது. அதே பிரசவத்தை நகரத்துத் தனியார் மருத்துவமனை பெரிய பில் போட்டுப் பார்த்தால் நாட்டின் வருமானம் கூடுகிறது. விற்காமல் நின்ற மாடும், வைக்காமல் தப்பிய அடகும், கட்டாமல் போன வட்டியும் எந்த ஏட்டிலும் ஏறாது. 2008-ல் மத்திய புள்ளியியல் துறை எண்ணியபோது நாட்டில் பதிவான லாப நோக்கற்ற அமைப்புகள் 31 லட்சத்துக்கு மேல் இருந்தன. அதில் பாதி வெறும் லெட்டர்பேடாக இருக்கட்டும். மீதிப் பாதி தடுத்த செலவை யார் எழுதி வைத்தார்கள்?

எழுதினால் சின்னத் தொகையாக இருக்காது. 2013-14-ல் இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் நூற்றுக்கு 64 ரூபாய் ஜனங்கள் தங்கள் கையிலிருந்து போட்டதுதான் என்று அரசின் சுகாதாரக் கணக்கே சொன்னது. 2021-22-ல் அது 39 ஆகக் குறைந்திருக்கிறது, சந்தோஷம். அந்த அறுபத்து நாலு ரூபாய் காலத்தில்தான் நீங்கள் மலையில் உட்கார்ந்திருந்தீர்கள்.

நீங்கள் வந்த காலத்தையும் மறக்க முடியாது. அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1992 ஜூனில், இதே சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்திக் கொடுமை நடந்தது. வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்து செய்ததை இங்கே விவரிக்க எனக்கு மனமில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011-ல் தீர்ப்புச் சொன்னது, 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வெளியாள் ஜீப்பில் வந்தால் மலைக்காரர் காட்டுக்குள் ஓடிய காலம் அது. அந்தக் காலத்தில் வெளியூர்க்காரர் இரண்டு பேருக்கு ஒரு ஊர் குடிசை கட்டிக் கொடுத்தது என்றால், வங்கி மேலாளருக்கு விளங்காத ஜாமீன் ஒன்றை அந்த மக்கள் உங்களுக்குக் கொடுத்தார்கள். நன்றியில் பாதி அவர்களுக்குச் சேரும்.

மலையில் பிழைப்பு இல்லாவிட்டால் ஆட்கள் எங்கே போவார்கள் என்பதையும் நம் ஜில்லா பார்த்துவிட்டது. திருப்பூருக்கும் பெங்களூருக்கும் கேரளத்துக்கும் போனவர்கள் பொங்கலுக்குத் திரும்பி வந்தார்கள். செம்மரம் வெட்டக் கூப்பிட்டுப் போனவர்களில் சிலர் திரும்பவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் சித்தேரி மலைக்காரர்களும் உண்டு. கூலி எங்கே கிடைக்கிறதோ அங்கே போனவர்கள். அதனால்தான் மலைக்குள் கிடைக்கும் ஒரு நாள் வேலையை நான் சாதாரணமாக நினைப்பதில்லை.

பத்து வருஷம் வைத்தியம் பார்த்த பிறகு நீங்கள் ஊர் ஊராக நடந்து போய், உங்களுக்கு வேறென்ன கஷ்டம் என்று ஜனங்களைக் கேட்டீர்கள் என்று படித்தேன். விவசாயம் கட்டுபடியாகவில்லை என்றார்கள். உரக்கடைப் பாக்கி, மருந்துக்கடைப் பாக்கி, விளைந்தால் விலையில்லை. அதிலிருந்து பிறந்தது சிட்லிங்கி இயற்கை விவசாயிகள் சங்கம். சோஃபா என்று எல்லோரும் சொல்கிறார்கள். முதலில் ஒப்புக்கொண்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். இன்றைக்கு உறுப்பினர்கள் ஐந்நூறைத் தாண்டிவிட்டார்கள். மஞ்சள், சிறுதானியம், பருத்தி எல்லாம் சங்கத்துக்குப் போகிறது. பெண்கள் குழுக்கள் அதை மாவாகவும் பிஸ்கட்டாகவும் சோப்பாகவும் ஆக்கி ஸ்வாத் என்ற பெயரில் விற்கிறார்கள்.

இதில் எங்கள் மண்டிக்கு நட்டம்தான், ஒளிப்பானேன்? மண்டியில் விவசாயிக்கு எப்படிப் போகும் என்று நான் தினமும் எழுதுகிறேன். தரகு, எடைக்கூலி, சாக்கு, சுமைகூலி, தூசிக்கு என்று ஒரு கழிவு, ஈரத்துக்கு என்று இன்னொரு கழிவு. முன்பணம் வாங்கியவர் என்றால் வட்டி வேறு. எல்லாம் போக மீதியைத்தான் கையில் எண்ணிக் கொடுப்போம். ஒவ்வொரு கழிவுக்கும் காரணம் உண்டு, எதுவும் திருட்டு இல்லை. ஆனால் அத்தனை காரணமும் எங்கள் பக்கத்தில்தான் இருக்கும். சாமையை மூட்டையாக இறக்கிக் கீழே அனுப்பினால் குத்துகிற லாபம், பாக்கெட் போடுகிற லாபம், கடை வைக்கிற லாபம் எல்லாம் மலைக்கு வெளியே. அந்தக் குத்துகிற வேலையையும் பாக்கெட் போடுகிற வேலையையும் உங்கள் சங்கம் மலைக்குள்ளேயே வைத்துக்கொண்டது. எங்கள் சிட்டையில் சில பெயர்கள் குறைந்தன. குறைந்த பெயர்களைப் பார்த்து முதலாளி முணுமுணுத்தார். எனக்கு உள்ளூர ஒரு சிரிப்பு.

லம்பாடி ஊசிவேலைக்காக நீங்கள் ஆரம்பித்த போர்கை விஷயத்தில் எனக்கு அனுபவம் குறைவு, துணி நம் சரக்கல்ல. ஆனாலும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. தண்டா என்கிற குடியிருப்புகளிலிருந்து வந்த லம்பாடிப் பாட்டிமார் போட்டிருந்த பாவாடையும் ரவிக்கையும் சின்ன வயதில் அரூர் சந்தையில் பார்த்திருக்கிறேன், கண்ணாடிச் சில்லும் சோழியுமாக. பேத்திகள் புடவைக்கும் சுடிதாருக்கும் மாறிய பிறகு அந்த ஊசிவேலை இரண்டே இரண்டு முதிய பெண்களின் கையில்தான் மிச்சமிருந்தது என்கிறார்கள். 2006 வாக்கில் அவர்களைக் கொண்டே இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தீர்கள். இன்றைக்கு ஏறக்குறைய அறுபது பெண்கள் அதில் சம்பாதிக்கிறார்கள். முதல் என்று பார்த்தால் ஊசி, நூல், துணி. விற்பனை முழுக்க வெளியூரில். மலையிலிருந்து வெளியே போகிற பணத்தை நிறுத்தியது மருத்துவமனை என்றால், நகரத்துப் பணத்தை மலைக்கு ஏற்றியது இந்த ஊசி. திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போக வேண்டிய பெண், களையெடுத்த நேரம் போக மீதி நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்து சம்பாதிக்கிறார்.

துளிர் என்று கட்டடக்கலைஞர்கள் கிருஷ்ணாவும் அனுராதாவும் ஆரம்பித்த கல்வி மையத்தைப் பற்றி இன்னொரு மடலே எழுதலாம். இங்கே கும்பிடு போட்டுவிட்டு நகர்கிறேன்.

உங்களைப் பாராட்டுகிறபோது மற்றவர்களை மறந்துவிட்டதாக ஆகிவிடக் கூடாது. மகளிர் மேம்பாட்டு நிறுவனம் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-ல் தமிழ்நாட்டிலேயே முதலாவதாகப் பெண்கள் குழுக்களை ஆரம்பித்தது நம் தருமபுரியில்தான். அப்போது கிருஷ்ணகிரியும் நம்மோடு இருந்தது. மைராடா மாதிரித் தொண்டு நிறுவனங்களின் ஆட்கள் சைக்கிளிலும் நடையாகவும் போய்ப் பெண்களை உட்காரவைத்து, வாரச் சேமிப்பு, உள்கடன், தீர்மான நோட்டு என்று பழக்கினார்கள். குழுவுக்குள் வாங்கினால் வட்டி குழுவுக்கே வரும் என்பதுதான் அதன் சூட்சுமம். அஞ்சு வட்டிக்குப் போட்டியாக அதைப்போல ஒன்று அதற்குமுன் எங்கள் பக்கம் இருந்ததில்லை. பின்னால் அதே குழு என்ற பெயரை வைத்துக்கொண்டு வாராவாரம் வாசலில் வந்து நிற்கிற கடன் கம்பெனிகள் வந்தன. கட்டாத பெண்ணின் வீட்டு முன்னால் மற்ற பெண்களை உட்காரவைத்த கதைகள் எத்தனை! அந்த மாதிரி வசூலைத் தடுக்க 2025-ல் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. வடிவம் ஒன்றுதான். வட்டி யார் கைக்குப் போகிறது என்பதில்தான் சங்கத்துக்கும் கம்பெனிக்கும் வித்தியாசம்.

சரி, உங்களுக்குப் பணம் வரும் வழியைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும், தங்களைச் சுற்றியுள்ள பகுதிக்கு முன்னுரிமை என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. ஓசூரில் தொழிற்சாலை இருக்கிறது, ஓசூருக்கு நல்லது. சிட்லிங்கியைச் சுற்றி இருக்கிற கம்பெனி எது, சித்தேரி மலையும் கல்வராயன் மலையும்தானே? 2020-ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி, நிர்வாகச் செலவு 50 சதவீதம்வரை போகலாம் என்றிருந்ததை 20 ஆக்கினார்கள். டாக்டர், ஆசிரியர் சம்பளம் அந்த இருபதுக்குள் வராது. கணக்கு எழுதுகிறவன் கூலி வரும். சின்ன நிறுவனம் இங்கேதான் திணறும்.

சட்டத்தைவிட எனக்குக் கோபம் நம் ஆட்கள் மனசின் மேல். நன்கொடை கொடுக்கிறவர் கேட்கிற முதல் கேள்வி, இதில் எவ்வளவு சம்பளத்துக்குப் போகிறது, எவ்வளவு ஏழைகளுக்குப் போகிறது என்பது. சிட்லிங்கியில் அந்தச் சம்பளத்தை வாங்குகிறவரே மலைக்காரப் பெண்தான் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை. அரிசி மூட்டையாகக் கொடுத்தால் ஏழைக்குப் போனதாம், வேலையாகக் கொடுத்தால் நிர்வாகத்துக்குப் போனதாம்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2023 மே மாதம் அரசு நீலகிரியிலும் நம் தருமபுரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்தது. அதற்காகத் தருமபுரி, கிருஷ்ணகிரி விவசாயிகளிடம் நேரடியாகவே கொள்முதல், அப்போதைய ஆதரவு விலை குவிண்டாலுக்கு 3,578 ரூபாய். தரகில்லை. நம் வயலில் விளைந்ததை நம் ரேஷன் கடையிலேயே வாங்குகிறோம். சோஃபா சின்ன அளவில் இருபது வருஷமாகச் செய்வதை அரசு பெரிய அளவில் செய்து பார்க்கிறது. இது தொடர வேண்டும், சாமைக்கும் வர வேண்டும்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். நகரத்திலிருந்து பாக்கெட்டில் வருகிற சாமையை எங்கள் ஊர்க் கடைகளில் இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்குகிறார்கள். அது எந்த மலையில் விளைந்ததோ, யாருக்குத் தெரியும். சென்னைக்கும் பெங்களூருக்கும் அனுப்புவதோடு அரூர்ப் பக்கமும் கொஞ்சம் கூடுதலாகச் சரக்கு இறக்குங்கள். நல்ல இடமாகக் கடை பார்த்துத் தர நான் இருக்கிறேன். கணக்கு எழுத ஆள் வேண்டுமென்றாலும் சொல்லியனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் வருவேன். சேவையாகச் செய்கிறேன் என்று சொல்ல மாட்டேன். மற்ற கடைகள் கொடுப்பதையே நீங்களும் கொடுங்கள், அந்த இருபது சதவீதத்துக்குள் எழுதிவிடலாம்.

இப்படிக்கு,
அரூர் மண்டிக் கணக்கர் ஒருவர்